வலமும் இடமும்: சுழற்சித் திசையின் காரணங்கள் – கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தை முன்னிறுத்தி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வங்கக் கடற்புயல்கள் அனைத்தும் ஒரே திசையில் சுழல்கின்றன. கோடைக்காலத் தரிசு நிலத்தில் எழும் சுழிக்காற்று எத்திசையிலும் சுழல்கிறது. கோள்களுள் பெரும்பாலானவை ஒரு திசையிலும் வெள்ளி அதற்கு எதிர்த்திசையிலும் சுழல, யுரேனசோ பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. இவற்றை ஒரே விதியால் விளக்க முயல்வதும், திசையைக் குறிக்கும் சொல்லையே காரணமாகக் கொள்வதும் கற்பித்தலில் அடிக்கடி நேரும் குழப்பங்கள். திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூரை நோக்கிடமாகக் கொண்டு, திசைக்குப் பெயரிடும் முறையையும் திசை உருவாகும் காரணத்தையும் இக்கட்டுரை வேறுபடுத்தி விளக்குகிறது. 2024ஆம் ஆண்டின் ஃபெஞ்சல் புயலும், 1977இல் காவலூரில் நிகழ்ந்த யுரேனஸ் நோக்கலும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வலஞ்சுழி, இடஞ்சுழி, கொரியாலிஸ் விளைவு, ஃபெஞ்சல் புயல், வலம்புரிச் சங்கு, காவலூர், யுரேனஸ்.

முன்னுரை

திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட கீழ்பென்னாத்தூர், வடக்கு அகலாங்கு ஏறத்தாழ 12¼ பாகையில் அமைந்துள்ளது. கடற்கரையிலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் உள்ளே இருப்பதால், புயலைக் கரையூர்கள் அறிவதுபோல் அலையாக அன்றி, காற்றாகவும் மழையாகவும் ஏரி நிரம்பலாகவும் இவ்வூர் அறிகிறது. இவ்வூரின் நிலம் புவியின் சுழற்சியால் மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கும் மிகுந்த விரைவில் கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது. அவ்விரைவை எவரும் உணர்வதில்லை. ஆனால் அச்சுழற்சியின் சிறுகூறு ஒன்று, ஐந்நூறு கிலோமீட்டர் அகன்ற காற்றுத்திரளுக்குள் சேர்ந்து, ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இவ்வட்டாரத்தின் மீது திரும்பி வருகிறது.

‘புயல்’ என்னும் சொல் பழந்தமிழில் மேகத்தையும் மழையையும் குறித்தது. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் அச்சொல் மழை என்னும் பொருளிலேயே நிற்கிறது. சுழற்சி என்னும் கருத்து அதில் இல்லை. சுழற்சியை முதன்மைப்படுத்திய ‘சைக்ளோன்’ என்னும் பெயரும் இந்திய மண்ணில் பிறந்ததே. கொல்கத்தாவில் கடல்சார் விசாரணை மன்றத்தில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன், வங்கக் கடலில் புயலில் சிக்கிய கப்பல்களின் குறிப்பேடுகளை ஒப்பிட்டு, காற்று மையத்தைச் சுற்றி வருவதை நிறுவினார். சுருண்ட பாம்பை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயரை 1848இல் அவர் அமைத்தார். பாம்பு எப்பக்கம் சுருளும் என்பதே இக்கட்டுரையின் வினா.

சொல்லும் நோக்கிடமும்

வலம், இடம் என்பன கையை அடிப்படையாகக் கொண்ட சொற்கள். அண்ணாமலையைக் கிரிவலம் வருவோர் ஏறத்தாழ 14 கிலோமீட்டர்ப் பாதை முழுவதும் மலையைத் தம் வலக்கைப் பக்கமாகவே வைத்து நடக்கின்றனர். ‘வலம் வருதல்’ என்னும் வழக்கு சுற்றுவோனின் கையைக் கொண்டு திசையை வரையறுக்கிறது. வெளியில் நின்று காண்போனை அது கருதுவதில்லை. ‘கடிகாரத் திசை’ என்னும் வழக்கோ முற்றிலும் காண்போனைச் சார்ந்தது. கண்ணாடிச் சுவரில் மாட்டிய கடிகாரத்தைப் பின்புறமிருந்து பார்ப்பவனுக்கு முள் எதிர்த்திசையில் நகரும். எனவே ‘வலஞ்சுழி’ என்று ஒரு சுழற்சியைக் குறிக்கும்போது, எப்பக்கமிருந்து நோக்கி அவ்வாறு கூறுகிறோம் என்பதையும் சேர்த்துக் கூறினாலன்றி அச்சொல் முழுமை பெறாது. வேதியியலில் குளுக்கோசை ‘வலஞ்சுழி’ச் சேர்மம் என்கிறோம். அங்கும், ஒளி தன்னை நோக்கி வருமாறு நின்று காண்பவனின் வலமே கருதப்படுகிறது என்பது சொல்லாமல் விடப்பட்ட நிபந்தனை.

புயலை மேலிருந்து, அதாவது செயற்கைக்கோள் படத்தில் காண்பதுபோல் நோக்கும் மரபையே வானிலையியல் பின்பற்றுகிறது. அம்முறையில் வட அரைக்கோளப் புயல் இடஞ்சுழி. நம் வழக்கில் கூறுவதாயின், புயற்காற்று மையத்தை இடக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுகிறது. கிரிவலத்திற்கு நேர் எதிர்த்திசை. வடதுருவத்திற்கு மேலிருந்து நோக்கின் புவியின் தற்சுழற்சியும், கதிரவனைச் சுற்றும் அதன் இயக்கமும் இடஞ்சுழியே.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். திருமுருகாற்றுப்படையின் தொடக்கத்தில் ஞாயிறும், முல்லைப்பாட்டு, நெடுநல்வாடை ஆகியவற்றின் தொடக்கத்தில் முகிலும் வலமாக எழுவனவாகக் கூறப்படுகின்றன. இவற்றைக் கொண்டு சங்கப் புலவர் புயற்சுழற்சியை அறிந்திருந்தனர் என்று வாதிடும் ஆர்வம் எழலாம். கார்முகிலை ஏந்திவரும் வங்கப்புயல் இடமாகச் சுழல்வதால் அவ்வாதம் முதலடியிலேயே தடுமாறும். புயலின் உச்சியில், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில், வெளியேறும் மென்முகில் வலமாக விரிவது உண்மையே. ஆயினும் அதனை மேலிருந்து காணாமல் அறிதல் அரிது. வலம் என்பது மங்கலமும் வெற்றியும் வலிமையும் சுட்டும் சொல் என்று கொள்வதே அப்பாடல்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

நிழல் சுழலும் திசை

கடிகார முள் ஏன் வலமாகச் சுழல வேண்டும்? எந்திரக் கடிகாரம் உருவான ஐரோப்பிய நிலப்பகுதியில் கதிரவன் எக்காலத்தும் நண்பகலில் தெற்கு வானிலேயே நிற்கும். தரையில் நட்ட கோலின் நிழல் காலையில் மேற்கிலும் நண்பகலில் வடக்கிலும் மாலையில் கிழக்கிலும் விழும். மேற்கு, வடக்கு, கிழக்கு என்னும் இவ்வரிசை வலஞ்சுழி. நிழற்கடிகாரத்தின் திசையை எந்திரக் கடிகாரம் பின்பற்றியது என்பது பொதுவான விளக்கம்.

கீழ்பென்னாத்தூரில் இவ்விளக்கத்தைச் சோதித்துப் பார்க்கலாம். இவ்வூர் கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால், ஏப்ரல் 20ஐ ஒட்டிய நாள்களிலிருந்து ஆகஸ்டு 20ஐ ஒட்டிய நாள்கள் வரை நண்பகற் கதிரவன் தலைக்கு வடக்கே நிற்கும். அம்மாதங்களில் நிழல் காலையில் மேற்கிலும் நண்பகலில் தெற்கிலும் மாலையில் கிழக்கிலும் விழும். இது இடஞ்சுழி. கதிரவன் எழும் வேளையிலும் மறையும் வேளையிலும் மட்டும் சிறிது நேரம் நிழல் மாறாகத் திரும்பும். ஆண்டில் நான்கு மாதங்கள் கோல்நிழல் எதிர்த்திசையில் திரும்பும் ஒரு நிலத்தில் கடிகாரம் பிறந்திருந்தால் ‘கடிகாரத் திசை’ என்னும் தொடருக்கு உறுதியான பொருள் அமைந்திருக்குமா என்பது ஐயத்திற்குரியது. புவி சுழலும் திசை இரு பருவங்களிலும் ஒன்றே. மாறியது கதிரவனைக் காணும் கோணம் மட்டுமே. பள்ளி வளாகத்தில் ஒரு கோலும் சுண்ணக்கட்டியும் கொண்டு மாணவர்க்கு இதைக் காட்டிவிடலாம்.

புயல்: விலகுவது வலம், சுழல்வது இடம்

கொரியாலிஸ் விளைவு பெரும்பாலும் விரைவு வேறுபாட்டைக் கொண்டே கற்பிக்கப்படுகிறது. நிலநடுக்கோட்டில் நிலம் விரைந்து செல்கிறது. வடக்கே செல்லச் செல்ல விரைவு குறைகிறது. ஆகவே வடக்கு நோக்கி வரும் காற்று நிலத்தை முந்திக் கிழக்கே விலகுகிறது. இவ்விளக்கம் பாதி உண்மை. கிழக்கு மேற்காக வீசும் காற்றும் அதே அளவு விலகுவதை இதனால் விளக்க இயலாது.

முழு விளக்கத்திற்கு நிலத்தின் திரும்புதலைக் கருத வேண்டும். வடதுருவத்தில் நிற்பவனின் காலடி நிலம் 24 மணி நேரத்திற்குள் ஒருமுறை இடமாகத் திரும்புகிறது. நிலநடுக்கோட்டில் நிற்பவனின் நிலம் கிழக்கே செல்கிறதேயன்றித் திரும்புவதில்லை. இடைப்பட்ட ஊர்களில் இத்திரும்புதல் அகலாங்கின் சைன் மதிப்பைப் பொறுத்தது. கீழ்பென்னாத்தூரில் அம்மதிப்பு ஏறத்தாழ 0.21. எனவே இங்கு நிலம் செங்குத்து அச்சைப் பற்றி ஒருமுறை திரும்ப ஏறத்தாழ 113 மணி நேரம், அதாவது ஐந்து நாள்களுக்குச் சற்றுக் குறைவான காலம் ஆகும். ஃபூக்கோ ஊசலொன்றை இங்குத் தொங்கவிட்டால் அதன் ஆடுதளம் அக்கால அளவில் ஒரு சுற்று வரும். நிலம் இடமாகத் திரும்புவதால், நேராகச் செல்லும் எப்பொருளும், அது எத்திசையில் சென்றாலும், நிலத்தில் நிற்பவனுக்கு வலமாக விலகுவதாகத் தோன்றும். கொரியாலிஸ் 1835இல் இதனை ஆராய்ந்தது சுழலும் எந்திரங்களின் பொருட்டே. காற்றைப் பற்றி அவர் எண்ணவில்லை. வளிமண்டலத்திற்கு அதனைப் பொருத்தியவர் அமெரிக்கரான வில்லியம் ஃபெரல், ஆண்டு 1856.

மாணவர் தவறாது எழுப்பும் வினா இதன்பின் வருகிறது. காற்று வலமாக விலகுமாயின் புயல் ஏன் இடமாகச் சுழல்கிறது? இவ்வினாவுக்கு விடை கூறாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்விப்பதே நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் நிகழ்கிறது. விடை எளிது. தாழ்வழுத்த மையத்தை நோக்கித் தெற்கிலிருந்து வடக்கே வரும் காற்று வலமாக விலகுவதால் மையத்தைத் தவறவிட்டு அதன் கிழக்குப் பக்கம் செல்லும். கிழக்கிலிருந்து மேற்கே வரும் காற்று, தன் வலமாகிய வடக்கே விலகி, மையத்தின் வடபுறம் செல்லும். அவ்வாறே வடக்கிலிருந்து வருவது மேற்குப் பக்கத்திலும், மேற்கிலிருந்து வருவது தென்புறத்திலும் செல்லும். கிழக்குப் பக்கத்தில் வடக்கு நோக்கியும், வடபுறத்தில் மேற்கு நோக்கியும், மேற்குப் பக்கத்தில் தெற்கு நோக்கியும், தென்புறத்தில் கிழக்கு நோக்கியும் செல்லும் இந்நான்கையும் சேர்த்து வரைந்தால் கிடைப்பது இடஞ்சுழி. ஒவ்வொரு காற்றும் மையத்தைத் தன் இடக்கைப் பக்கம் விட்டுச் செல்கிறது. அழுத்த வேறுபாடு அதனை இடப்பக்கம் இழுக்க, கொரியாலிஸ் விளைவு வலப்பக்கம் இழுக்க, இரண்டுக்கும் இடையே காற்று வளைந்து ஓடுகிறது.

இதே நிகழ்வைக் கோண உந்த அழியாமையைக் கொண்டும் காணலாம்; அளவை அறிய இம்முறையே உதவும். அசைவற்ற காற்று என்று நாம் கருதுவதும் நிலத்தோடு சேர்ந்து திரும்பிக்கொண்டே இருக்கிறது. கீழ்பென்னாத்தூர் அகலாங்கில் 500 கிலோமீட்டர் ஆரமுடைய ஒரு காற்று வளையத்தை எண்ணுக. நிலத்தோடு மட்டும் திரும்பும் அவ்வளையத்தின் விளிம்பு, மையத்தைச் சார்ந்து நொடிக்கு ஏறத்தாழ 7.7 மீட்டர் விரைவைப் பெற்றுள்ளது. அவ்வளையம் உராய்வின்றி 50 கிலோமீட்டர் ஆரத்திற்குச் சுருங்குமாயின் அதன் விரைவு பத்து மடங்காகும். மணிக்கு ஏறத்தாழ 275 கிலோமீட்டர். கடற்பரப்பின் உராய்வு இதில் பெரும்பகுதியைத் தின்றுவிடுவதால் உண்மைப் புயலின் விரைவு குறைவு. ஆயினும் புயலின் திசையும் அதன் சுழற்சியின் முதலும் எங்கிருந்து வந்தன என்பதை இக்கணக்கு காட்டுகிறது. கடல்நீரின் வெப்பம் புயலை இயக்கும் ஆற்றலைத் தருகிறது. திசையைத் தருவது நிலத்தின் திரும்புதல்.

நிலநடுக்கோட்டை ஒட்டி இம்முதல் இல்லை. ஆகவே அங்குப் புயல் தோன்றுவது மிக அரிது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், தெற்கு அந்தமான் கடலில் ஏறத்தாழ 5 பாகை அகலாங்கில் தாழ்வுமண்டலமாக உருவானது. நிலநடுக்கோட்டுக்கு அதனினும் மிக அருகே புயல் உருவாகாது எனக் கருதப்பட்டது. 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே, ஏறத்தாழ 1.4 பாகையில் உருவான ‘வாமெய்’ புயல் அக்கருத்தைத் திருத்திற்று. வடகிழக்குப் பருவக்காற்று போர்னியோத் தீவை ஒட்டி வளைந்து ஏற்படுத்திய சுழற்சி அதற்கு முதலாய் அமைந்தது. முதல் வேறிடத்திலிருந்து கிடைத்தால் நிலத்தின் திரும்புதல் சிறிதாயினும் போதும் என்பதற்கு அது சான்று.

நவம்பர் 30, 2024

திசையை அறிவதால் விளையும் பயன் யாது என்னும் வினாவுக்கு ஃபெஞ்சல் புயல் விடையளிக்கிறது. மேற்கு நோக்கி நகரும் இடஞ்சுழிப் புயலில், மையத்திற்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். தெற்கே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். தமிழகக் கடற்கரையில் கடல்நீர் உட்புகுவதும் ஈரக்காற்று மிகுதியாக உள்நிலம் செல்வதும் கரைகடக்கும் இடத்திற்கு வடக்கே என்பது இதனாலேயே. புயல் வலமாகச் சுழலுமாயின் இவ்வரைபடம் முழுவதும் தலைகீழாகும்.

ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. காற்றின் விரைவைக் கொண்டு மதிப்பிட்டால் அது பெரும்புயல் அன்று. மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர், இடையிடையே 90. ஆனால் கரையேறியபின் பல மணி நேரம் அது அங்கேயே நின்றது. புதுச்சேரி 12 பாகைக்குச் சற்றுத் தெற்கே உள்ளது. மயிலம், கீழ்பென்னாத்தூர், ஊத்தங்கரை ஆகியன அதற்கு வடக்கே 12.1 முதல் 12.3 பாகைக்குள் மேற்கு நோக்கி வரிசையாக அமைந்தவை. மையம் அசையாது நின்ற நேரமெல்லாம் இவ்வரிசை, கடலிலிருந்து வந்த கிழக்குக் காற்றின் பாதையில் இருந்தது. டிசம்பர் 1 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மறுநாட் காலைக் கணக்கில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். இரண்டுக்கும் இடைப்பட்ட திருவண்ணாமலையில் டிசம்பர் 1 மாலை, அண்ணாமலையார் மலைச்சரிவில் வ.உ.சி. நகர்ப் பகுதியில் மண்சரிந்து, குழந்தைகள் ஐவர் உள்ளிட்ட ஏழு பேர் உயிரிழந்தனர். தென்பெண்ணையில் பெருவெள்ளம் ஓடியது.

இப்பேரிடருக்குச் சுழற்சித் திசை மட்டுமே காரணம் என்று கூறுவது மிகை. புயலின் மெதுவான நகர்வும், சரிவில் வீடுகள் எழுந்தமையும் இன்றியமையாக் காரணங்கள். ஆயினும் ‘கரைகடந்த புயல் வலுவிழந்தது’ என்னும் அறிவிப்பைக் கேட்டு, கடலுக்கு 80 கிலோமீட்டர் அப்பால் உள்ளவர் அமைதியடைவதற்கு இடமில்லை என்பதைத் திசை பற்றிய அறிவு உணர்த்தும். காற்று வலுவிழந்தாலும், மையம் தெற்கே நிற்கும் வரை கடலின் ஈரம் இவ்வட்டாரத்திற்கு வந்துகொண்டே இருக்கும்.

மையம் எங்குள்ளது என்பதைக் கருவியின்றி அறியும் முறையும் உண்டு. டச்சு வானிலையியலாளர் பைஸ் பாலட் 1857இல் வெளியிட்ட விதி அது. காற்று முதுகில் படுமாறு நின்றால், வட அரைக்கோளத்தில் தாழ்வழுத்த மையம் இடக்கைப் பக்கம், சற்று முன்புறமாக இருக்கும். காற்று திரும்பும் முறையும் செய்தி கூறும். வடக்கு, வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று காற்று மாறிவருமாயின் புயல் ஊருக்குத் தெற்கே செல்கிறது. வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று மாறுமாயின் வடக்கே செல்கிறது. மின்சாரமும் அலைபேசியும் நின்றுபோன இரவில் இவ்விதி பயன்படும். உயர்நிலைப் பள்ளிப் புவியியலில் இது ஒரு வரியோடு முடிந்துவிடுவது வருந்தத்தக்கது.

சிறு சுழல்களுக்கு விதி இல்லை

கோடையில் உழுத தரிசில் புழுதியை அள்ளி எழும் சுழிக்காற்று புயலின் சிறுவடிவம் போலத் தோன்றுகிறது. கணக்கோ வேறு. மூன்று மீட்டர் ஆரத்தில் நொடிக்குப் பத்து மீட்டர் விரைவில் சுழலும் காற்றை வளைத்துப் பிடிக்கத் தேவையான மையநோக்கு முடுக்கம், அவ்விடத்துக் கொரியாலிஸ் முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு. மையத்திலிருந்து 300 கிலோமீட்டர் தொலைவில் வீசும் புயற்காற்றில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒத்த அளவின. சுழிக்காற்று வரப்பிலோ வேலியிலோ பட்ட முதற்காற்றின் திருப்பத்தைப் பெற்று இருதிசையிலும் சுழல்கிறது.

கைகழுவும் தொட்டியில் நீர் வடியும் திசை அரைக்கோளத்தைப் பொறுத்தது என்னும் கதையும் இவ்வகையினதே. ஆனால் அக்கதையை முற்றிலும் பொய் என்று தள்ளுவதும் சரியன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆஷர் ஷாப்பிரோ 1962இல் ஏறத்தாழ 1.8 மீட்டர் விட்டமுள்ள தட்டைத் தொட்டியில் நீரை நிரப்பி, ஒரு முழுநாள் அசையாது வைத்து, அடியில் நடுவே அமைந்த சிறுதுளை வழியே வடித்தார். வடிதலின் பிற்பகுதியில் நீர் இடமாகச் சுழன்றது. 1965இல் சிட்னியில் இச்சோதனையைச் செய்தோர் வலமாகச் சுழலக் கண்டனர். அதாவது விதி அங்கும் உண்டு. நீரை ஊற்றிய கையின் அசைவு அடங்கும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவே. கீழ்பென்னாத்தூரில் இவ்விளைவு ஷாப்பிரோ பெற்றதில் மூன்றில் ஒரு பங்கே இருக்குமாதலால் இன்னும் மிகுந்த பொறுமை வேண்டும். ஏரி மதகில் தோன்றும் சுழியைக் கண்டு அரைக்கோளத்தை அறிய முயல்வது வீண்.

சங்கும் கொடியும்

உயிரினங்களின் சுருள் வேறொரு வகை. பந்தலில் ஏறும் அவரைக்கொடி புவியின் எப்பகுதியில் நட்டாலும் ஒரே பக்கமாகவே சுற்றும். வள்ளிக்கிழங்கு இனங்களுள் சில வலமாகவும் சில இடமாகவும் சுற்றுவதால், இனத்தைப் பிரித்தறியத் தாவரவியலார் அதனை அடையாளமாகக் கொள்கின்றனர். இங்குத் திசை மரபணுவில் எழுதப்பட்டுள்ளது.

வலம்புரிச் சங்கு பெயரிடலின் சிக்கலுக்கும் நல்ல சான்று. மன்னார் வளைகுடாவில் குளிப்போர் எடுக்கும் சங்குகள் ஏறத்தாழ அனைத்தும் இடம்புரி. மிக அரிதாகக் கிடைப்பதே வலம்புரி. விலங்கியல் நூலிலோ சாதாரணச் சங்கு வலப்புரியென்றும் அரிய சங்கு இடப்புரியென்றும் காணப்படும். இரண்டும் சரியே. விலங்கியலார் சங்கின் சுருள்நுனியை மேலாக வைத்து, வாய் எப்பக்கம் உள்ளது என்று நோக்குகின்றனர். நம் மரபு சுருள்நுனியைக் கீழாகவும் குழல்முனையை மேலாகவும் வைத்து நோக்குகிறது. ஆகவே வாய் பக்கம் மாறுகிறது. சங்கின் சுருளமைப்போ எப்படித் திருப்பினும் மாறுவதில்லை. இடம்புரியைத் தலைகீழாக்கி வலம்புரி ஆக்க இயலாது. தட்டையான சுழற்சி, காண்போன் பக்கம் மாறினால் திசை மாறும். திருகு அவ்வாறு மாறாது. கலைச்சொல் ஆக்குவோர் இவ்விரண்டிற்கும் ‘சுழி’ என்னும் ஒரே ஈற்றைப் பயன்படுத்தாமல், தட்டைச் சுழற்சிக்குச் ‘சுழி’ என்றும் திருகுக்குப் ‘புரி’ என்றும் வழங்குவது நன்று. சங்கைப் பெயரிட்டோர் இவ்வேறுபாட்டை ஏற்கெனவே வைத்துள்ளனர்.

கோள்கள்: காவலூரிலிருந்து

புயலில் நிலத்தின் திரும்புதல் சுருங்கும் காற்றில் பெருகுவதுபோல், கதிரவக் குடும்பமும் சுருங்கிய முகிலிலிருந்து தன் சுழற்சியைப் பெற்றது. தொல்முகிலில் இருந்த சிறு திருப்பம் சுருங்குகையில் பெருகி, வட்டாகத் தட்டையாயிற்று. கோள்கள் யாவும் கதிரவனை ஒரே திசையில் சுற்றுவது இதனால். அம்முகில் ஏன் இத்திசையில் திரும்பிற்று என்பதற்குத் தனிக்காரணம் இல்லை. விண்மீன் மண்டலத்தில் எத்திசைக்கும் ஒத்த வாய்ப்பு உண்டு. புயலுக்குப் புவி திசையளிக்கிறது. முகிலுக்கு அவ்வாறு திசையளிக்கும் தாய்ப்பொருள் இல்லை.

கோள்களின் தற்சுழற்சி இவ்வளவு எளிதன்று. வட்டின் ஒவ்வொரு சிறுபகுதியும் வெளியிலிருந்து நோக்கின் சுற்றுத்திசையிலேயே மெல்லத் திரும்பிக்கொண்டிருப்பதால், வளிமத்தைத் திரட்டிய வியாழனும் சனியும் அத்திசையையே பெற்றன. பாறைக்கோள்களோ இறுதிக்கட்டத்தில் சில பெரும் மோதல்களால் உருவானவை. கடைசி மோதல் எப்பக்கம் பட்டது என்பது அவற்றின் திசையை மாற்ற வல்லது. வெள்ளி எதிர்த்திசையில் ஒருமுறை சுழல 243 நாள்கள் ஆகின்றன. கதிரவனைச் சுற்றவோ 225 நாள்களே. மோதலின்றி, அதன் அடர்ந்த வளிமண்டலத்தின் வெப்ப அலைகளே நீண்ட காலத்தில் சுழற்சியைத் திருப்பியிருக்கலாம் என்று கொரெய்யா, லஸ்கார் ஆகியோர் 2001இல் கணக்கிட்டுக் காட்டினர்.

யுரேனஸ் நமக்கு அண்மையது; தொலைவால் அன்று, வரலாற்றால். கீழ்பென்னாத்தூருக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர் வடமேற்கே, ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் உள்ளது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்த நிகழ்வைப் பல நாட்டினர் நோக்கினர். அமெரிக்கக் குழுவொன்று இந்தியப் பெருங்கடல் மீது பறந்த வானூர்தித் தொலைநோக்கியிலிருந்து நோக்கியது. காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜெ. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் நோக்கினர். கோளை அணுகுமுன்னரே விண்மீனின் ஒளி மங்கி மீண்டது. புதிய துணைக்கோள் ஒன்று மறைத்ததாகக் காவலூர் நோக்கர் தம் அறிக்கையில் குறித்தனர். பல இடத்து அளவுகளையும் ஒப்பிட்டபின் யுரேனசுக்கு மெல்லிய வளையங்கள் உண்டென்பது உறுதியாயிற்று.

அவ்வளையங்கள் கிடக்கும் தளம் சுழற்சித் திசையின் வரலாற்றைச் சொல்கிறது. யுரேனசின் அச்சு 98 பாகை சாய்ந்தது. கோள் தன் பாதையில் ஏறத்தாழப் படுத்தபடி உருள்கிறது. வளையங்களும் முதன்மைத் துணைக்கோள்களும் பாதைத்தளத்தில் இல்லாமல் கோளின் சாய்ந்த நடுக்கோட்டுத் தளத்திலேயே உள்ளன. துணைக்கோள்கள் முழுமையாக உருவான பின்னர் ஒரே அடியில் கோள் சாய்ந்திருந்தால் அவை பழைய தளத்தில் எஞ்சியிருக்க வேண்டும். எனவே சாய்வு மிக முற்பட்டது என்றும், புவியளவோ அதனினும் பெரிதோ ஆன பொருள் மோதியபோது சிதறிய வட்டிலிருந்து துணைக்கோள்கள் பின்னர்த் திரண்டன என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஒரே மோதலா, பலவா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

யுரேனஸ் எத்திசையில் சுழல்கிறது என்று கேட்டால் இரு விடைகள் கிடைக்கும். வலக்கை விரல்கள் சுழற்சியின் போக்கில் மடங்கும்போது பெருவிரல் காட்டும் முனையே வடதுருவம் என்று கொண்டால், யுரேனஸ் முறையான திசையில், 98 பாகை சாய்ந்து சுழல்கிறது. கதிரவக் குடும்பத்தின் பொதுத்தளத்திற்கு வடக்கே உள்ள முனையே வடதுருவம் என்னும் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் வரையறையைக் கொண்டால், அதே யுரேனஸ் 82 பாகை சாய்ந்து எதிர்த்திசையில் சுழல்கிறது. பாடநூல் எழுதுவோர் இரண்டில் எதனையும் கொள்ளலாம். சாய்வுக்கு ஒரு வரையறையையும் திசைக்கு மற்றொன்றையும் கொண்டு, ‘98 பாகை சாய்ந்து எதிர்த்திசையில் சுழல்கிறது’ என்று எழுதுவதுதான் பிழை.